வைக்கோல் இல்லாத வைக்கோல் கலை

போன மார்கழியில் சென்னையில் ஒரு காபிக் கடையின் மாடியில் நடந்த பயிலரங்குக்குப் போயிருந்தேன். ஸ்காண்டிநேவிய வைக்கோல் அலங்காரத்தை வீட்டிலேயே செய்யக் கற்றுத்தருவதாக அறிவித்திருந்தார்கள். கட்டணம் 1,800 ரூபாய், காபிக்குத் தனி. ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். திறந்தால் ஒரு நூல்கண்டு, நீள ஊசி, செய்முறைத் தாள், அப்புறம் பொன்நிறக் காகிதக் குழல் ஒரு கட்டு. இளநீர்க் கடையில் போட்டுக் கொடுப்பார்களே, அதே குழல்தான். கொஞ்சம் மினுமினுப்பு.

“வைக்கோல் எங்கங்க?” என்று கேட்டேன்.

சொல்லிக்கொடுத்த பெண் நல்லபடியாகவே சிரித்தார். “நிஜ வைக்கோல்னா குப்பையாயிடும்ங்க. பூச்சி வேற வரும். அதோட, இங்க வைக்கோலுக்கு எங்க போறது, சொல்லுங்க?”

நான் பனமலைக்காரி. செஞ்சியிலிருந்து தெற்கே வந்தால் ஏரிக்கரையில் ஒரு குன்றும் அதன்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலும் தெரியும். அந்தக் குன்றின் பெயரே ஊருக்கும் பெயர். ஏரி நிரம்பிய வருஷம் தை பிறந்தால் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் காலில் வைக்கோல் சிக்கும். தலையில், தாவணியில், சாப்பாட்டில்கூட இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் சென்னையில் 1,800 ரூபாய் கட்டி, காகிதக் குழலை வைக்கோல் என்று நினைத்துக்கொண்டு கோத்தேன். கோத்து முடித்ததும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல் மேல் எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆசைதான்.

அதன் பெயர் ஹிம்மெலி. பின்லாந்துக்காரர்கள் செய்வது. ஸ்வீடிய மொழியில் ஹிம்மெல் என்றால் வானம், அங்கிருந்து வந்த சொல். ரை என்று ஒரு தானியம், கோதுமைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. அந்த ரை வைக்கோலைக் கணு இல்லாத இடத்தில் துண்டு துண்டாக நறுக்கி, உள்ளே நூல் விட்டு, முக்கோணம் முக்கோணமாகக் கட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்குச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டால், கோடை நடுவில் வரும் யுஹான்னுஸ் பண்டிகைவரைக்கும் தொங்கும். ஆள் நடந்தால் அசையும், கதவைத் திறந்தால் சுற்றும். ஹிம்மெலி எவ்வளவு பெரிதோ அந்த வருஷம் ரை அவ்வளவு விளையும் என்பது நம்பிக்கை. பக்கத்து நாடுகளிலும் இதற்குச் சொந்தங்கள் உண்டு. லிதுவேனியாவில் இதன் பெயர் சோதாஸ், தோட்டம் என்று அர்த்தம். போலந்தில் பயாங்க், அதாவது சிலந்தி.

அடிப்படை வடிவத்துக்குப் பன்னிரண்டு துண்டு வேண்டும். எட்டு முக்கோண முகம், ஆறு முனை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதே பன்னிரண்டு துண்டை எடுத்து ஒரு கனசதுரம் செய்து பாருங்கள். நிற்காது. தொட்டவுடன் சாய்ந்து சப்பையாகிவிடும், ஏனென்றால் நூல் முடிச்சு எந்தப் பக்கமும் மடங்கும், சதுரமும் மடங்கும். முக்கோணம் மடங்காது. ஆறு முனையை ஆடாமல் நிறுத்தத் தேவையான குச்சிகளின் எண்ணிக்கை சரியாகப் பன்னிரண்டு. ஒன்றை உருவினால் தளர்ந்துபோகும், ஒன்று கூட்டினால் அது வீண். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காத பண்ணையாட்கள் இருட்டிக் கிடக்கும் குளிர்காலத்தில், மிச்சம் கிடந்த வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்த விஷயம் இது. இதைக் கண்டு வியக்காதவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் இதுபோல வடிவம் கிடையாது. ஆனால் இந்தப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் எனக்குப் பழக்கமானது. அறுப்பில் நல்ல கதிராகப் பார்த்து ஒரு கொத்து எடுத்து வாசல் நிலையில் கட்டிவிடுவார்கள். குருவி வந்து தின்னும். தின்றது போக நிற்கும் தாள் அடுத்த அறுப்புவரை அங்கேயே காயும். விளைந்தது வீட்டில் இருக்கிறது, இனியும் வரும் என்று வாசலுக்குச் சொல்லிவைப்பது. ஆயா வைக்கோலைப் பிரியாக முறுக்கி, வளையமாகச் சுற்றிப் பிரிமணை செய்வாள். சட்டிப் பானை உருளாமல் உட்கார அதுதான் ஆசனம். பிரிமணையை யாரும் கலை என்று சொன்னதில்லை. நைந்துபோனால் அடுப்பில் போட்டுவிட்டு வேறொன்று சுற்றிக்கொள்வாள்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நிஜ வைக்கோலில் செய்துபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் மாட்டுக்கு இறக்கிய கட்டிலிருந்து ஒரு கை அள்ளி வந்தேன். மிஷின் சுருட்டிய உருளைக் கட்டு. பிரித்துப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு உருப்படியான தாள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நசுங்கி, பிளந்து, நாராகக் கிடந்தது. ஊசி நுழையக் குழல் வேண்டும், அங்கே குழலே இல்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தது.

“அது மிஷின் வைக்கலு. மாடே மூஞ்சத் திருப்பிக்குது. நீ அதுல இன்னாத்தச் செய்யப்போற?”

அறுவடை மிஷின் கதிரை மட்டும் கொய்வதில்லை. செடியை வாரி உள்ளே இழுத்து, சுழலும் உருளையில் அடித்து, நெல்லைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் துப்புகிறது. அந்த உருளைக்குள் போய்வந்த தாள் முழுசாக இருக்க வழியில்லை. அறுப்பது, கட்டுவது, சுமப்பது, களத்தில் அடிப்பது எல்லாம் கையால் நடந்த காலத்தில் வைக்கோல் முழுசாக இருந்தது. போர் போடவும், பிரி முறுக்கவும், கூரை வேயவும் அதனால்தான் முடிந்தது. பின்லாந்திலும் இதே கதைதான். கம்பைன் மிஷின் வந்த பிறகு, ஹிம்மெலி செய்பவர்கள் தங்களுக்கென்று தனியாக ரை வளர்த்துக் கையால் அறுத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலையில் அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு, “வா” என்றது. ஏரிக்குக் கீழே ஒரு வயலில் மிஷின் இறங்கப்போகிறது. மிஷின் மூலையில் திரும்பாது. அது இறங்குவதற்கு முன்னால் நாலு மூலையையும் கையால் அறுத்து இடம் விடவேண்டும். ஏக்கர் கணக்கில் இரும்பு செய்யும் வேலையில் மனுஷக் கைக்கு மிச்சம் இருப்பது இந்த நாலு மூலை. எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா பதினைந்து வயசிலிருந்து அடுத்தவர்கள் நிலத்தில் கதிர் அறுத்த ஆள். இப்போது மூலை அறுக்கக் கூப்பிட்டால் போகும்.

அன்றைக்கு மூலைக் கதிரில் ஒரு கட்டு எனக்குக் கிடைத்தது. நிலக்காரரிடம் அம்மாதான் கேட்டது. “பொண்ணு இன்னாவோ பொம்ம செய்யணுமாம்.” அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வைக்கோல் அவருடையது. அறுத்தவளுக்கு அதைக் கேட்கத்தான் உரிமை.

கதிருக்கும் கடைசிக் கணுவுக்கும் நடுவில் இருக்கும் பகுதிதான் நீளமாக, வழவழப்பாக, துளையோடு இருக்கிறது. மேல்தோகையை உரித்து, வெந்நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஒரே அளவாக நறுக்கினேன். ரை அளவுக்குத் தடிமன் கிடையாது, பாசிமணி கோக்கும் ஊசிதான் நுழையும். முதல் நாள் பாதிக்குப் பாதி பிளந்துபோனது. இரண்டாம் நாள் ராத்திரி பன்னிரண்டு துண்டும் நின்றது. உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். ஃபேன் போடாமலே அசைந்தது. காகிதக் குழலில் செய்ததைவிடப் பாதி கனம்கூட இல்லை. அம்மா அண்ணாந்து பார்த்து, “குருவி கட்டுன மாதிரி கீது” என்றது. அந்த அளவுக்கு ஒரு பாராட்டு எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூடக் கிடைத்ததில்லை.

*

இனி சண்டைக்கு வருகிறேன். மூன்று பேரோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் அட்டைப்பெட்டிக்காரர்கள். சிறுவயதில் பக்கத்து வீட்டில் ஒரு கன்றுக்குட்டி செத்துப்போனது. அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து, பசுவுக்கு முன்னால் நிறுத்திவைத்தார்கள். பசு அதை நக்கியது. நக்கிக்கொண்டே பாலும் சுரந்தது. தோல்கன்று என்பார்கள். அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இங்கே வைக்கோல்கூட இல்லாத தோல்கன்று. வடிவம் இருக்கிறது, வாசனை இல்லை. பின்லாந்துக் குளிர்காலம் இல்லை, பனமலைத் தை மாசமும் இல்லை. பருவமே இல்லாமல் வருஷம் முழுக்க விற்கலாம். நாமும் நக்கிக்கொண்டு சுரந்துகொண்டே இருக்கிறோம்.

“மன அமைதிக்காகத்தானே செய்யறோம், அதுல என்ன தப்பு?” என்று அன்றைக்குப் பக்கத்தில் இருந்த தம்பி கேட்டான். தப்பில்லை. கை வேலை செய்தால் மனசு அடங்கும், எனக்கும் அடங்கியது. ஆனால் அந்த அமைதியை விற்பதற்காக அந்தப் பொருளிலிருந்து எதையெல்லாம் எடுத்து வெளியே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வைக்கோலை எடுத்தார்கள், கூடவே அறுவடை போனது, அறுத்தவளும் போனாள். அவள் அந்த மாடிக்கு வந்திருந்தால் அமைதி கொஞ்சம் கலைந்திருக்கும். இடுப்பு வலியோடு வந்திருப்பாள் இல்லையா? ‘குப்பையாயிடும்’ என்று அந்தப் பெண் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு இப்படித்தான் கேட்டது.

*

இரண்டாவது சண்டை பண்பாட்டுக் காவலர்களோடு. நான் செய்ததைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். உடனே ஒருவர் பொங்கிவிட்டார். “வெள்ளைக்காரன் தோரணம் எதுக்கு? நம்ம குருத்தோலைத் தோரணம் இல்லையா? கிளி, குருவி எல்லாம் மடிப்பாங்களே, அதை மறந்துட்டீங்களே!”

மறக்கவில்லை ஐயா. கல்யாணத்துக்கு மடிப்பது எப்படி, சாவுக்கு மடிப்பது எப்படி என்று தெரிந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தேன். அந்த வீட்டுக்காரரை அழைக்கிறவர்கள் அவரைத் தோரணம் கட்டுவதோடு நிறுத்தமாட்டார்கள். பந்தலுக்குக் குழி தோண்டச் சொல்வார்கள், எச்சில் இலை எடுக்கச் சொல்வார்கள், பந்தி முடிந்த பிறகு சாப்பிடச் சொல்வார்கள். அவர் பிள்ளைகள் ஓலையைத் தொடுவதில்லை. ஒருத்தன் பெயிண்ட் வேலைக்குப் போகிறான், ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாள். ‘அந்தக் கலை அழிகிறதே’ என்று அவர்களைப் பார்த்துக் கண்ணீர் விடுபவர்கள், அந்த வேலை அவர்கள் அப்பாவை எங்கே உட்காரவைத்தது என்று ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம்.

எனக்குப் பாடம் எடுத்த நண்பரின் வீட்டு வாசலையும் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், நடுவில் பிளாஸ்டிக் சாமந்தி. துடைத்துத் துடைத்துப் பல வருஷமாக அதேதான். வாடாத மாவிலை யாருக்கும் எதையும் சொல்லாது. மாவிலை வாடும் என்பதால்தான் மறுபடி கட்டவேண்டியிருந்தது, மரம் ஏற ஆள் வேண்டியிருந்தது, மரமே வேண்டியிருந்தது. தன் வாசலில் பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, நிஜ வைக்கோலில் செய்த ஒன்றைப் பார்த்து அந்நியம் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி வாய் வருகிறது?

பின்லாந்துப் பண்ணையாளும் என் அம்மாவும் சந்தித்துக்கொண்டால் பேச்சு புரியாது. கையைப் பார்த்தால் புரிந்துவிடும். தானியத்தை அறுப்பவர்கள் மிச்சம் நிற்கும் தாளை ஒரு முறை கையில் உருட்டிப் பார்க்காமல் போடமாட்டார்கள். எனக்கு வைக்கோலின் சொந்தம்தான் பெரிதாகத் தெரிகிறது, வரைபடத்தில் போட்ட கோடு அதற்குப் பிறகுதான்.

*

மூன்றாவது சண்டை கொஞ்சம் சிக்கலானது. பாதுகாப்பவர்களோடு. இவர்களில் பாதிப் பேர் எனக்கு வேண்டியவர்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக. சந்தோஷம்தான். கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. வளைவு வளைவாகக் கூரை, இருட்டு, உள்ளே பேசினால் எதிரொலிக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாங்கள் எல்லாரும் அதற்குள் நின்று கத்தியிருக்கிறோம். யார் கட்டியது, எந்த ராஜா, எத்தனை சுவர் என்று ஆசிரியர் சொன்னார். அந்த நெல்லை யார் அறுத்தது என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல் நின்றுவிட்டது, அதனால் கல்லுக்கு மரியாதை. வைக்கோல் மக்கிவிடும். மக்குகிற பொருளோடு வாழ்ந்தவர்களின் வரலாறும் கூடவே மக்கிவிட்டது.

வைக்கோலுக்கும் பட்டியல் இருக்கிறது. லிதுவேனியாவின் சோதாஸ் செய்முறை 2023-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. அதற்கு முந்தின வருஷம் பெலாரஸின் வைக்கோல் பின்னல் இடம்பிடித்தது. நாளைக்கே யாராவது, பிரிமணையையும் கதிர்க்கொத்தையும் ஒரு பட்டியலில் ஏற்றவேண்டும் என்று மனு எழுதலாம். எழுதட்டும். ஆனால் அவர்களில் பலர் அடுத்த வரியில் என்ன எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கையறுவடை அழிந்தது, மிஷின் வந்து எல்லாம் கெட்டது, அந்தக் காலம் போல வருமா என்று எழுதுவார்கள்.

இங்கேதான் நான் நின்றுவிடுகிறேன். அம்மாவால் இப்போது நிமிர்ந்து நடக்க முடியாது. மூலை அறுத்த அன்றைக்கு ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான். நாலு மூலைக்கே இப்படி. அந்தக் காலத்தில் விடிவதற்கு முன் இறங்கி, சேற்றில் குனிந்து, தலைச்சுமையாகக் கட்டைக் களத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கூலி நெல்லுக்கு முறத்தோடு காத்துக்கிடந்தவள். “மிஷின் வந்ததுல உனக்குக் கஷ்டமாம்மா?” என்று கேட்டேன். “கஷ்டமா? முன்னாடியே வந்திருந்தா உன்னச் சுமந்துகினு குனிஞ்சிருக்க மாட்டேன்” என்றது. இந்தப் பதிலைத் தாண்டி ஒரு கையறுவடைப் புகழ்ச்சியை என்னால் எழுத முடியாது. எழுதுபவர்கள் முதலில் ஒரு மூலையை அறுத்துப் பார்க்கட்டும்.

வைக்கோல் குட்டையானதற்கும் இதேபோல இரண்டு பக்கம் உண்டு. 1966-ல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. நெட்டையாக வளரும் பேட்டா என்ற ரகத்தோடு தைவானின் குட்டை ரகம் ஒன்றைச் சேர்த்து உண்டாக்கியது. உரம் போட்டால் பழைய நெட்டை ரகங்கள் கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும், இது சாயாது. செடி தண்டுக்குச் செலவழித்ததை எல்லாம் மணிக்குத் திருப்பிவிட்டது. அந்த நெல்லால் பசி ஆறியது, அதை மறுக்க நான் யார்? ஆனால் விலையில் ஒரு பகுதி வைக்கோலாகக் கொடுக்கப்பட்டது. ஆள் உயரம் நின்ற மாப்பிள்ளைச் சம்பா போனபோது கூரைக்கும் மாட்டுக்கும் பிரிக்கும் ஆன தாளும் போனது. கணக்குப் பேரேட்டில் நெல் வரவு ஏறியது, வைக்கோல் செலவு எழுதப்படவே இல்லை. அது யாருக்குப் போன நஷ்டம்? நெல்லை விற்கும் நிலக்காரருக்கு அவ்வளவாக இல்லை. ஒரு மாடு வைத்திருந்த, கூரை வீட்டில் இருந்த, நிலம் இல்லாத ஆளுக்கு.

*

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும்.

காகிதக் குழலைத் தூக்கிப்போடுங்கள். ஹிம்மெலி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், பின்லாந்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வைக்கோலில் செய்யுங்கள். தை மாசம் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் நெல் வயல் வந்துவிடும். மிஷின் இறங்கும் வயல் ஒவ்வொன்றிலும் நாலு மூலை இருக்கிறது, அதைக் கையால் அறுக்க யாரோ ஒருவர் வருகிறார். அவரிடம் போய்க் கேளுங்கள். இனாமாகக் கேட்காதீர்கள். அந்த மூலைத் தாளைக் கசங்காமல் அறுத்து, கட்டி, நிழலில் உலர்த்திக் கொடுக்க அவர் என்ன விலை சொல்கிறாரோ அதைக் கொடுங்கள், பேரம் பேசாமல். 1,800 ரூபாய் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. வைக்கோல் நிலக்காரருடையது என்பதை அவரிடமும் பேசுங்கள், மூலை வைக்கோல் அறுத்தவருக்கு என்று விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். சில பேர் கொடுப்பார்கள். கொடுக்காதவர்களையும் நாம் தெரிந்துகொண்டதாக இருக்கும்.

பயிலரங்கு நடத்துபவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை மாடிக்கு அறுத்தவரைக் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். எந்தத் தாள் பிளக்கும், எது நிற்கும் என்று அவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார், எனக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது. உங்கள் கட்டணத்தில் அவருக்கும் பங்கு வையுங்கள். குப்பையானால் பெருக்கிக்கொள்ளலாம்.

ஊர் வீட்டில் உத்திரத்தில் தொங்குவதை ஆடிவரை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தூசி அடையும், நிறம் மங்கும், எலி கடித்தாலும் கடிக்கும். பிறகு அவிழ்த்து மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்றேன். நூலை உருவிவிட்டுத்தான் போடவேண்டும் என்று அம்மா திருத்தியது. அடுத்த தையில் எத்தனை பேருக்கு வைக்கோல் வேண்டும் என்று இப்போதே கேட்கிறது. கட்டுக்கு என்ன விலை என்றால் சொல்லமாட்டேன் என்கிறது. “ஆளப் பாத்துச் சொல்றேன்” என்கிறது.